சொன்னேன் என்பது போதுமா? – முதலாண்டு உயிரியல் வகுப்பில் ஒரு பாடம்



நம் ஆண்டு மலரில் லேத்தைப் பற்றி எழுதுவார்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி எழுதுவார்கள். காதல் கவிதைக்கும் பஞ்சமில்லை. உயிரியலைப் பற்றி எழுதத்தான் ஆள் வருவதில்லை. "பாலிடெக்னிக்குல பயாலஜியா?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் இன்றைக்கும் எங்களைக் கிண்டல் செய்கிறார்கள். ஆம்! மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படிக்கிற எங்களுக்கு முதல் பருவத்திலேயே அடிப்படை உயிரியல் ஒரு பாடம். செல், திசு, இரத்தம், நரம்பு, ஹார்மோன் என்று வரிசையாக வரும். பத்தாம் வகுப்பைத் தமிழில் முடித்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்தவர்கள்தான் எங்களில் பெரும்பாலோர்.

அந்தப் பாடத்தில் ஒரு சிறு பகுதியைப் பற்றியே இந்தக் கட்டுரை. உடம்பில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செய்தி எப்படிப் போகிறது என்பது அந்தப் பகுதி. அதைப் படித்த பிறகுதான் ஒரு வகுப்பில் மாணவனுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பது எனக்கு விளங்கிற்று. விளங்கிய நேரத்தில் என் பக்கத்து இடம் காலியாகிவிட்டிருந்தது.

பக்கத்து இடம் காலியான கதை

2023-ஆம் ஆண்டு நான் முதலாண்டில் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே வகுப்புப் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள். குரல் பெரிது என்பதைத் தவிர வேறு தகுதி எனக்குக் கிடையாது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவன் விசைத்தறி ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார். படம் வரைவதில் அவன் கெட்டிக்காரன். செல்லின் படத்தைக் கையை எடுக்காமல் போட்டு, உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் வரை குறித்துவிடுவான். அதன் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால்தான் பென்சில் நின்றுவிடும்.

செப்டம்பரில் அவனுடைய அப்பாவுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக இவன் நான்கு நாள் ஷிப்டுக்குப் போனான். அந்த நான்கு நாளில் வகுப்பில் மூன்று செய்திகள் சொல்லப்பட்டன. திங்கட்கிழமை முதல் டெஸ்ட். மொத்தம் மூன்று டெஸ்ட். அதில் மதிப்பெண் கூடுதலான இரண்டு மட்டுமே கணக்கு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காதவர்கள் அடுத்த வெள்ளிக்குள் வாங்கிக்கொள்ளலாம். மேடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஆப்சென்ட் ஆனவங்களுக்கு நீ சொல்லிடுப்பா" என்றார்.

நான் அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டதும் அதற்குமேல் பிறந்தநாள் வாழ்த்தும் கிரிக்கெட்டுமாக நூறு செய்தி ஏறிவிட்டது. அவன் வீட்டில் ஒரே போன், அது அப்பாவிடம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், 'போட்டாச்சு' என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தான். "டேய், இன்னைக்கு டெஸ்ட்டா?" என்று கேட்டபோது மேடம் வினாத்தாளோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். ஐம்பதுக்குப் பதினான்கு வாங்கினான். பேப்பர் கொடுத்த நாளில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குப் போனேன். அவனுடைய அப்பாதான் இருந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. அவன் ஷிப்டுக்குப் போயிருக்கானுங்க. பரிச்சையில ஃபெயிலாயிட்டானாமா, வருசமே போச்சுங்கறான். சும்மா இருந்து என்னங்க பண்றது? பட்டறை மொதலாளிகிட்ட முன்பணம் வாங்கி வேலைக்கு அனுப்பிச்சுட்டேனுங்க."

"ஃபெயிலெல்லாம் இல்லீங்க. அது மொதல் டெஸ்ட்டு. மூணுல நல்ல ரெண்டுதான் கணக்கு. இன்னும் ரெண்டு இருக்குதுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்: "இத யாருங்க தம்பி அவங்கிட்ட சொல்லோணும்?"

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அந்தக் கேள்விதான். சொல்ல வேண்டிய ஆள் நான்தான். முன்பணம் கழிகிறவரை அவனால் வர முடியாது என்றார்கள். அந்த வருடம் அவன் வரவில்லை. பிறகும் வரவில்லை.

உடம்பு எப்படிச் சொல்கிறது?

அடுத்த மாதம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடந்தது. மேடம் கணையத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் நின்றது. நண்பர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டும். இது பரீட்சைக்கும் உதவும்!

சாப்பிட்டவுடன் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று சிறு சிறு செல் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள பீட்டா செல்கள் இந்த ஏற்றத்தைக் கண்டுகொண்டு இன்சுலினை இரத்தத்தில் விடுகின்றன. இன்சுலின் என்பது ஒரு செய்திதான். 'சர்க்கரை வந்திருக்கிறது, எடுத்து வையுங்கள்' என்பதே அதன் பொருள் எனலாம். தசைச் செல்களும் கொழுப்புச் செல்களும் குளுக்கோஸை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. கல்லீரல் அதைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கிறது. சர்க்கரை இறங்கியதும் பீட்டா செல்கள் இன்சுலினைக் குறைத்துக்கொள்கின்றன. ரொம்பவும் இறங்கினால், பக்கத்திலுள்ள ஆல்ஃபா செல்கள் குளுக்ககானை விட்டு, சேமித்ததை வெளியே எடுக்கச் சொல்கின்றன. இப்படி ஏறி இறங்கி, வெறும் வயிற்றில் 100 மில்லி இரத்தத்துக்குச் சுமார் 70 முதல் 99 மில்லிகிராம் என்ற அளவில் சர்க்கரை நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணையம் செய்தியை அனுப்பிவிட்டுத் தூங்கப் போவதில்லை. அனுப்பிய செய்தியால் சர்க்கரை இறங்கியதா என்று இரத்தத்திலேயே பார்க்கிறது. பார்த்துத்தான் அடுத்த செய்தியை அனுப்புகிறது. இதற்குப் பெயர் பின்னூட்டம். மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கவர்னரில் படித்திருப்பார்கள். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தில் பொருத்திய கவர்னர் செய்ததும் இதுதான். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் நீராவியைக் கூட்டும். எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு அயர்ன் பாக்ஸிலுள்ள தெர்மோஸ்டாட் தெரியும்.

இரண்டு வகைக் கோளாறு

சர்க்கரை நோய் இரண்டு முக்கிய வகைப்படும் என்று படித்தோம். முதல் வகையில் பீட்டா செல்கள் அழிந்துபோகின்றன. இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. அதாவது, செய்தி அனுப்பப்படவே இல்லை. இரண்டாம் வகையில், ஆரம்பத்தில் இன்சுலின் இருக்கிறது. சில பேருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் செல்கள் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. செய்தி ஊரெல்லாம் சுற்றுகிறது, காரியம் நடப்பதில்லை.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. வகுப்பிலும் இதே இரண்டு வகைதான்! 'யாருமே சொல்லலை' என்பது முதல் வகை. 'சொன்னேனே, போட்டேனே, நோட்டீஸ் ஒட்டினேனே' என்பது இரண்டாம் வகை. நான் செய்தது இரண்டாம் வகை. முதல் வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டாம் வகையில் சொன்னவனுக்கு எல்லாம் சரியாக நடந்த திருப்தி இருப்பதால், கோளாறு வெளியே தெரிவதற்கு நாளாகும்.

இன்சுலின் கண்டுபிடித்த வரலாற்றிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1921-ல் கனடாவின் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ல் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு ஊசி போட்டார்கள். 'போட்டாச்சு' என்று அவர்கள் நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பரிசோதித்துப் பார்த்ததில் போதிய பலன் இல்லை. காலிப் என்பவர் அந்தச் சாற்றை மேலும் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ல் மறுபடி போட்டபோது சர்க்கரை இறங்கியது. நம் தொழிலான ஆய்வுக்கூடப் பரிசோதனைக்கு அங்கே என்ன மதிப்பு என்பதை லேப் நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடம்பிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட மூன்று விதிகள்

*ஒன்று: ஏற்பி இருந்தால்தான் செய்தி.* ஹார்மோன் இரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. ஆனால் அந்த ஹார்மோனுக்குரிய ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறதோ, அந்தச் செல்தான் பதில் செய்யும். மற்றச் செல்களை அது தொட்டுக்கொண்டே கடந்துபோகும், ஒன்றும் நடக்காது. வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்லப்படும் அறிவிப்பும் அப்படித்தான். காது எல்லோருக்கும் இருக்கிறது. 'பெஸ்ட் டூ அவுட் ஆஃப் த்ரீ' என்றால் என்ன என்று புரிந்துகொள்ளும் ஏற்பி எல்லோரிடமும் இருக்கிறதா? 'ஆர்கன்' என்றால் உறுப்பு, 'ஆர்கனெல்' என்றால் செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்பு, 'ஆர்கனிசம்' என்றால் முழு உயிரி. இந்த மூன்றையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டே நானும் ஒரு மாதம் ஓட்டினேன். 'கல்ச்சர்' என்றதும் எங்களுக்குப் பண்பாடுதான் ஞாபகம் வந்தது. தட்டில் பாக்டீரியாவை வளர்ப்பதற்கும் அதே சொல் என்று பிறகுதான் தெரிந்தது.

*இரண்டு: வேகச் செய்திக்கு ஒரு வழி, மெதுச் செய்திக்கு ஒரு வழி.* ஹார்மோன் இரத்தத்தோடு மெல்லப் போகும். அவசரத்துக்கு நரம்பு இருக்கிறது. மையலின் உறை போர்த்த பருமனான நரம்பிழைகளில் செய்தி விநாடிக்கு 120 மீட்டர் வரை பாய்கிறது. உறையில்லாத மெல்லிய வலி இழைகளில் விநாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான். கால் விரலைக் கல்லில் இடித்துக்கொண்டால் இடித்தது உடனே தெரிகிறது. விண்விண் என்ற வலி சற்று நேரம் கழித்து வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? காரணம் இதுதான். பருவம் முழுவதற்குமான பாடத்திட்டம் மெதுச் செய்தி. அதை எழுதி ஒட்டலாம். நாளைக்கு டெஸ்ட் என்பது நரம்புச் செய்தி; அதை ஆள் பார்த்து வாயால் சொல்ல வேண்டும்.

*மூன்று: வேலை முடிந்த செய்தியை அழிக்க வேண்டும்.* நரம்பு, தசைக்குச் சொல்லும் செய்தியை அசிட்டைல்கோலின் என்ற பொருள் கொண்டுபோகிறது. சொல்லி முடித்த மறுகணமே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. சில பூச்சிமருந்துகள் அந்த நொதியைத் தடுத்துவிடுவதால், செய்தி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்து, தசை துடித்து, கடைசியில் செயலற்றுப்போகிறது. பூச்சிமருந்து விஷத்தில் நடப்பதில் இதுவும் ஒன்று. இப்போது நம் நோட்டீஸ் போர்டைப் போய்ப் பாருங்கள். போன வருடத்து ஃபீஸ் தேதி, முடிந்துபோன விளையாட்டு விழா, ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துக் காகிதம். இன்றைய செய்தி அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

நாங்கள் வைத்த பலகை

இரண்டாம் பருவத் தொடக்கத்தில் துறைத்தலைவர் ஐயாவிடம் அனுமதி கேட்டோம். உயிரியல் ஆய்வுக்கூடத்து வாசலில் மூலையில் கிடந்த ஒரு பழைய கரும்பலகையைத் தந்தார். அட்டெண்டர் அண்ணன் ஆணி அடித்துக் கொடுத்தார். நாங்கள் மேல் வகுப்புக்குப் போய்விட்டாலும், அடுத்து வந்த இரண்டு முதலாண்டு வகுப்புகளுக்கும் அதை நடத்தி வருகிறோம். அதில் நான்கு கட்டம். ஒவ்வொரு திங்கள் காலையும் முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவோம். ஒரு வாரத்து மாதிரி இதோ:

*இப்போது எங்கே?* செல்லும் அதன் பாகங்களும். இந்த வாரம் செல் சவ்வோடு இந்தப் பகுதி முடியும்.

*அடுத்து என்ன?* வியாழன் செய்முறை: வெங்காயத் தோல் ஸ்லைடு. கொண்டு வர வேண்டியவை: வெங்காயம் ஒன்று, எச்.பி. பென்சில், ரெக்கார்டு.

*எதற்கு மார்க்?* டெஸ்ட் என்றைக்கு, எந்தப் பகுதி, எத்தனைக்கு, எப்படிக் கணக்கு. தவறவிட்டவர் யாரை, எந்த நேரத்தில் பார்க்க வேண்டும்.

*இந்த வாரச் சொல்:* மெம்பரேன் – சவ்வு. நியூக்ளியஸ் – உட்கரு. ஸ்டெயின் – சாயம் ஏற்றுதல்.

எழுதுவதற்கு முன் மேடத்திடம் காட்டித் திருத்தம் வாங்கிக்கொள்வோம். இது கட்டாயம். ஒரு தடவை காட்டாமல் எழுதி, செவ்வாய் டெஸ்டைப் புதன் என்று போட்டுவிட்டோம். சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்து, ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. தப்பான செய்தி, செய்தியே இல்லாததைவிடக் கெடுதல் என்பதை அன்று கற்றோம். அதிலிருந்து திருத்தம் வந்தால் சிவப்பு சாக்பீஸில் 'மாற்றம்' என்று தலைப்புப் போட்டு எழுதுகிறோம்.

பலகை வைத்தது பாதி வேலைதான். மீதிப் பாதி, 'ஜோடி' ஏற்பாடு. பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள் இருவர் ஒரு ஜோடி. ஒருவர் வராவிட்டால், அன்று மாலைக்குள் மற்றவர் சொல்லியாக வேண்டும். போன் இல்லாவிட்டால் அதே பஸ்ஸில் போகிற வேறு துறை மாணவரிடம் சீட்டு கொடுத்தனுப்ப வேண்டும். சொன்னதோடு விட்டுவிடக் கூடாது. "என்னடா சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்று கேட்க வேண்டும். ஆரம்பத்தில் சிரித்தார்கள். திருப்பிச் சொல்லும்போது தேதி மாறி, பகுதி மாறி வருவதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வராதவனுக்குத்தான் செய்தி அவசரம். நம் ஏற்பாடுகளோ எல்லாம் வந்தவனுக்கே சொல்கின்றன!

இன்னொரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டோம். யாருடைய மதிப்பெண்ணும் பலகையில் வராது. மதிப்பெண் அவரவர் செய்தி. அதை அவரவரிடம்தான் சொல்ல வேண்டும். என் நண்பன் பதினான்கு வாங்கிய தாளை வரிசையாகக் கைமாற்றித்தான் கொடுத்தோம். நாலு பேர் பார்த்த பிறகே அது அவன் கைக்குப் போனது. அதையும் நான் மறக்கவில்லை.

செய்தி மேலேயும் போக வேண்டும்

மாணவனுக்கு ஆசிரியரிடமிருந்து செய்தி வருவது ஒரு வழி. மாணவனிடமிருந்து ஆசிரியருக்குப் போக வேண்டியதும் உண்டு. 'டவுட் இருக்கா?' என்று கேட்டால் நாம் எல்லோரும் 'இல்லை மேடம்' என்று கோரஸ் பாடுகிறோம். எழுந்து கேட்டால் மானம் போய்விடும் என்ற பயம்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த ஃபிரெடரிக் மோஸ்டெல்லர் 1989-ல் இதைப் பற்றி எழுதினார். வகுப்பு முடியும் தறுவாயில் மாணவர்களிடம் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வாங்குவாராம். இன்றைய பாடத்தில் முக்கியமானது எது? மிகவும் குழப்பமாக இருந்தது எது? எதைப் பற்றி இன்னும் கேட்க விரும்புகிறீர்கள்? நாங்கள் நடுக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர் எழுதாத துண்டுச் சீட்டு, ஒரே ஒரு வரி, வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா.

முதல் வாரம் பெரும்பாலான சீட்டுகளில் ஒரே குழப்பம்தான் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணருகு லென்ஸ் 10, பொருளருகு லென்ஸ் 45 என்றால் மொத்த உருப்பெருக்கம் எவ்வளவு என்பதில் பலர் 55 என்று கூட்டிவிட்டார்கள். பெருக்கத்தான் வேண்டும், 450. முதல் லென்ஸ் பெரிதாக்கிய பிம்பத்தையே இரண்டாவது லென்ஸ் மறுபடி பெரிதாக்குகிறது என்று மேடம் படம் போட்டுக் காட்ட ஐந்தே நிமிடம் ஆனது. சீட்டு இல்லாவிட்டால் அந்த 55 பரீட்சைத் தாள் வரை போயிருக்கும். மேடம் அடுத்த வகுப்பைச் சீட்டுகளுக்குப் பதில் சொல்லித்தான் தொடங்குவார். பதில் வருகிறது என்று தெரிந்ததும் சீட்டும் கூடியது.

தன்னைப் பற்றிய செய்தி

மூன்றாவதாக ஒரு செய்தி இருக்கிறது. எனக்கு இந்தப் பாடம் தெரியுமா, தெரியாதா என்று எனக்கே வர வேண்டிய செய்தி அது. புத்தகத்தை நாலு தடவை படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அது பல சமயம் பொய்ச் செய்தி! 2006-ல் ரோடிகர், கார்பிகி என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

ஆகவே பலகையின் அடியில் தினம் ஒரு கேள்வி எழுத ஆரம்பித்தோம். விடையை மறுநாள்தான் எழுதுவோம். எடுத்துக்காட்டாக: வெங்காயமும் தாவரம்தான். அப்படியிருக்க, நாம் பார்த்த வெங்காயத் தோல் செல்லில் பச்சையம் ஏன் இல்லை? இதற்குக் கேன்டீனில் பெரிய சண்டையே நடந்தது. மறுநாள் விடை: வெங்காயம் மண்ணுக்குள் இருக்கும் சேமிப்புப் பகுதி. வெளிச்சம் படாத இடத்தில் ஒளிச்சேர்க்கை வேலை இல்லை; பச்சையம் மேலே இருக்கும் தாளில்தான். விடை தெரியாதவன் தனக்குத் தெரியாது என்பதை டெஸ்டுக்கு முன்பே தெரிந்துகொள்கிறான். படிக்க நேரம் இருக்கும்போதே தெரிந்துகொள்கிறான். அதுதான் வேண்டும்.

முடிவாக

நண்பர்களே! இதற்கெல்லாம் செலவு ஒரு சாக்பீஸ் டப்பாதான். எந்தத் துறையிலும் செய்யலாம். சர்வே நண்பர்கள் ஃபீல்டு ஒர்க் தேதியை எழுதலாம். எலெக்ட்ரிகல் நண்பர்கள் ஒவ்வொரு வாரமும் ஐந்து சொல்லைத் தமிழில் எழுதிப் போடலாம். செய்யும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 'சொல்லிவிட்டேன்' என்பது கணக்கில் சேராது. எதிரில் இருப்பவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

பலகையால் எல்லோரும் முதல் வகுப்பில் தேறிவிட்டார்கள் என்று நான் பீற்றிக்கொள்ளப் போவதில்லை. டெஸ்டில் குறைந்த மதிப்பெண் வாங்குகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம், இன்னும் என்ன வழி இருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குப் போகிறவர் இந்த இரண்டு ஆண்டில் இருந்ததாகத் தெரியவில்லை. குறைந்த மார்க் வாங்கினால் அன்று மாலை ஜோடிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் ஏற்பட்டுவிட்ட பழக்கம்.

அந்த நண்பனைப் போன பொங்கலுக்குப் பார்த்தேன். எட்டுத் தறி ஒருவனாகவே பார்க்கிறானாம். பலகையைப் பற்றிச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அப்பவே வெச்சிருக்கலாமில்லடா" என்றான். எனக்குப் பதில் இல்லை.

இறுதியாண்டு முடிந்து நாங்கள் வெளியே போகிறோம். அடுத்த ஜூனில் முதலாண்டு நண்பர்கள் புதிதாக வருவார்கள். பலகைக்குப் பொறுப்பேற்க இருவர் வேண்டும். குரல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆப்சென்ட் ஆனவனைத் தேடிப் போகும் கால் இருந்தால் போதும். சாக்பீஸ் டப்பாவும் பழைய சீட்டுகள் கட்டிவைத்த நோட்டும் உயிரியல் ஆய்வுக்கூடத்து அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கின்றன. சாவி அட்டெண்டர் அண்ணனிடம்.